எந்தச் செடியில் இருந்தது? நெகிரி செம்பிலான் தோட்டங்களும் பூச்சி சேகரிப்பும்

நெகிரி செம்பிலானில் ரப்பர் பரவுவதற்கு முன் காப்பி இருந்தது. ரந்தாவ் பக்கத்து லின்சம் போன்ற பழைய தோட்டங்கள் காப்பித் தோட்டங்களாகத்தான் தொடங்கின. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்தக் காப்பி சரிந்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை இறங்கியது ஒரு காரணம். இலைநோய் இன்னொரு காரணம். மூன்றாவது ஒரு பூச்சி. பகலில் பறக்கும் அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் காப்பிச் செடிகளை மொட்டையடித்தன. பூச்சியியலார் அதை செபோனோடெஸ் ஹைலாஸ் என்கிறார்கள். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதன் இறக்கைகளில் மங்கலான செதில்கள் படர்ந்திருக்கும். முதல் முறை பறக்கும்போதே அவை உதிர்ந்துபோகும். அதன் பிறகு அப்பால் இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிந்த இறக்கைகளோடு, பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். பச்சை உடல், இடுப்பில் செந்நிறப் பட்டை. பார்த்தவர் மறக்க முடியாத அழகு அது. மலாயாத் தோட்ட முதலாளிகள் காப்பியைக் கைவிட்டு ரப்பரைப் பிடித்துக்கொண்டதில் இந்தப் பூச்சிக்கும் பங்கு உண்டு. அந்த ரப்பர் இழுத்துவந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் பகாவிலும் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர்.

விசித்திரமான, அழகான பூச்சிகளைச் சேகரிப்பது என்றதும் வெள்ளைக்காரத் துரையின் வரவேற்பறையும், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊசி குத்திவைத்த பட்டாம்பூச்சியும் நினைவுக்கு வருகின்றன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தவர்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். நிறையவே உண்டு என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. பிடித்த பூச்சியோடு சேகரிப்பாளர் ஒரு சீட்டு வைப்பார். எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில், எந்தச் செடியில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பழைய சேகரிப்புகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவது இடம் பல சீட்டுகளில் காலி. வலையோடு வந்தவர் பறக்கும் பூச்சியைத்தான் பார்த்தார். அது புழுவாக இருந்தபோது எதைத் தின்றது என்பதை, புல் வெட்டியவர்களும் களை பிடுங்கியவர்களும் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை வளர்த்தவர்களும் தினமும் பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை.

வலையோடு வந்தவர்களில் பெரியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கிய அவர், புக்கிட் தீமாவில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வண்டினங்களைச் சேர்த்தார். அவற்றில் பெரும்பகுதி ஒரு சதுர மைலுக்குள் கிடைத்தவை. அந்த விளைச்சலுக்கான காரணத்தையும் அவர் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். சீனத் தொழிலாளர்கள் அங்கே காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த மரங்களும் காய்ந்த இலைகளும் மரத்தூளும் வண்டுகளை இழுத்தன. அதே ஆண்டு அவர் மலாக்காவுக்கு வந்து, தம்பினிலிருந்து அதிகத் தொலைவில்லாத குனோங் லேடாங் மலையில் ஏறினார்.

வெட்டிய காட்டில் வண்டு பெருகுவது இயல்பு. நீள்கொம்பு வண்டுகளும் பொன்வண்டு இனங்களும் செத்த மரத்தில் முட்டையிடுபவை. சேகரிப்பாளரின் கண்ணுக்கு அது செழிப்பாகத் தெரியும். உண்மையில் அந்தக் காட்டின் கடைசி அறுவடை அது. நெகிரி செம்பிலானின் தோட்டங்களும் அப்படித்தான் திறக்கப்பட்டன. மரத்தை வெட்டினார்கள், காயவிட்டார்கள், எரித்தார்கள், நட்டார்கள். ரப்பர் மரம் தன் பாலாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். அதை மேயும் பூச்சி மிகக் குறைவு. நிறை நிறையாக நின்ற ரப்பருக்கு நடுவே அழகான பூச்சியைத் தேடியவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

ஆனால் உலகின் மிகப் பயனுள்ள பட்டாம்பூச்சிக் கணக்கு ஒன்று ரப்பர் தொழிலோடு ஒட்டியே பிறந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அலெக்சாண்டர் ஸ்டீவன் கார்பெட் படிப்பால் வேதியியலாளர். 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் மண்ணை ஆராய்வது அவர் வேலை. பட்டாம்பூச்சி அவருடைய ஆசை. கோலாலம்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எச். எம். பெண்டில்பரியோடு சேர்ந்து, மலாயா தீபகற்பத்தின் பட்டாம்பூச்சிகளைப் பற்றி 1934இல் ஒரு நூல் வெளியிட்டார். 1992இல் அது நான்காம் பதிப்பைக் கண்டது. தீபகற்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய விரும்புவோர் இன்றும் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கார்பெட் இங்கிலாந்து திரும்பிய பின் தம் மலாயாச் சேகரிப்பை எண்ணிப் பார்த்தார். 118 இனங்களில் தலா ஒரே ஒரு பூச்சிதான் கிடைத்திருந்தது. 74 இனங்களில் இரண்டிரண்டு, 44 இனங்களில் மும்மூன்று, 24 இனங்களில் நான்கு நான்கு. ஒரே ஒரு முறை மட்டும் வலையில் சிக்கியவை இத்தனை என்றால், ஒரு முறைகூடச் சிக்காமல் காட்டிலேயே இருந்தவை எத்தனை? இன்னும் அதே அளவு காலம் வலை வீசினால் புதிதாக எத்தனை இனம் கிடைக்கும்? இந்தக் கேள்வியை அவர் புள்ளியியல் மேதை ஆர். ஏ. ஃபிஷரிடம் கொண்டுபோனார். அதன் விளைவாக ஃபிஷர், கார்பெட், சி. பி. வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 1943இல் எழுதிய கட்டுரை உயிரினப் பன்மையை அளக்கும் துறைக்கே அடித்தளமாயிற்று. விடை காணும் வழிகளில் ஒன்று வியப்பூட்டும் எளிமை கொண்டது. 118இலிருந்து 74ஐக் கழித்து, 44ஐக் கூட்டி, 24ஐக் கழித்து, இப்படியே மாறி மாறிப் போனால் ஏறத்தாழ 75 வரும். இன்னும் அத்தனை காலம் தேடினால் சுமார் 75 புதிய இனங்கள் கிடைக்கும் என்று பொருள்.

1976இல் பிராட்லி எஃப்ரான், ரானல்ட் திஸ்டெட் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதே கணக்கை ஷேக்ஸ்பியர் மீது வைத்துப் பார்த்தார்கள். தம் படைப்புகளில் ஒரு முறை மட்டும் அவர் பயன்படுத்திய சொற்கள், இரு முறை பயன்படுத்திய சொற்கள் என்று எண்ணி, தெரிந்தும் அவர் எழுதாமல் விட்ட சொற்கள் குறைந்தது 35,000 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மலாயாவில் பிடித்த பட்டாம்பூச்சிகளை ஒழுங்காக எண்ணிவைத்த ஒருவரால் இலக்கிய ஆய்வுக்கும் ஒரு கருவி கிடைத்தது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. கார்பெட் அரிய பூச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரணமானவற்றைத் தூர எறிந்திருந்தால் இந்தக் கணக்கே பிறந்திருக்காது. வேலியோரம் தினமும் பறப்பவற்றையும் அவர் சேர்த்தார், எண்ணினார். பூச்சி சேகரிப்பு அறிவாக மாறுவது இந்த இடத்தில்தான். பளபளப்பதை மட்டும் பொறுக்கிச் சட்டம் போட்டால் கிடைப்பது சுவருக்கு அலங்காரம்.

வேலியோரம் தினமும் பறந்தவற்றை லயத்து மக்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். தமிழர் எங்கே குடியேறினாலும் சில செடிகளையும் நடுவார்கள். தோட்டத்து லயங்களின் பின்புறம் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நின்றன. கோயிலடியில் எருக்கும் அரளியும் கொன்றையும் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சி உண்டு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வால்சிறகுப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் வளரும். சிறியதாக இருக்கும்போது அந்தப் புழு பறவையின் எச்சம் போலவே தோன்றும். வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டிக் காரநெடி வீசும். எருக்கில் ஆரஞ்சு நிற வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். எருக்கம்பாலின் நஞ்சைப் புழு தன் உடலிலேயே சேமித்துக்கொள்வதால் அதன் பட்டாம்பூச்சியைப் பறவைகள் தீண்டுவதில்லை. அரளியில் பருத்த பச்சைப் புழு ஒன்று வரும். அதன் முன்பகுதியில் நீலக் கண்கள் இரண்டு இருக்கும், பொய்க் கண்கள். அதிலிருந்து பிறக்கும் அந்துப்பூச்சியின் இறக்கையில் பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குக் கோலமாகப் படிந்திருக்கும். கொன்றை தளிர்க்கும் காலத்தில் வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக எழும். ரப்பர் காடு மௌனமாகக் கிடந்த இடங்களில் லயத்துக் கொல்லையும் கோயில் வளாகமும் பூச்சிகளின் புகலிடங்களாக இருந்தன. இந்த மாநிலத்தின் இயற்கை வரலாற்றை எழுதும் யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

காட்டை ஒட்டிய தோட்டங்களுக்கு இன்னொரு வாசல் இருந்தது, அது விளக்கு. மின்விளக்கு வந்த பிறகு, தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்திலும் ஆலையிலும் இரவெல்லாம் எரிந்த விளக்குகளைத் தேடிக் காட்டுப் பூச்சிகள் வந்தன. அவற்றில் அட்லஸ் அந்துப்பூச்சியைப் பார்த்தவர் திகைத்து நின்றிருப்பார். இறக்கை விரிப்பு 25 சென்டிமீட்டர் வரை போகும். முன்னிறக்கையின் நுனி பாம்புத் தலையின் சாயலில் வளைந்திருக்கும். இத்தனை பெரிய உடலுக்குச் செயல்படும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது இலவங்கப்பட்டை, முள்சீத்தா போன்ற மரங்களின் இலையைத் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு மடியும். அந்தி மயங்கும் நேரத்தில் காட்டோரத்திலிருந்து எழும் சில்வண்டுச் சத்தத்துக்கும் இங்கே ஒரு பேரரசி உண்டு. உலகின் மிகப் பெரிய சில்வண்டு மலேசியாவின் காடுகளில் வாழ்கிறது. இறக்கை விரித்தால் சுமார் 20 சென்டிமீட்டர்.

விசித்திரம் என்ற சொல்லுக்கு மிகவும் பொருத்தமான பூச்சி, ஆர்க்கிட் கும்பிடுபூச்சி என்று உலகம் அழைக்கும் ஒன்று. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த உடல். தொடைகள் இதழாக அகன்றிருக்கும். 1899 முதல் 1900 வரை மலாயாவில் நடந்த ஸ்கீட் ஆய்வுப் பயணத்தில் நெல்சன் அன்னன்டேல் இதைக் கூர்ந்து கவனித்து எழுதினார். பின்னாளில், 1916இல், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர் அவர்தான். அவர் அந்தப் பூச்சியை ஆர்க்கிடில் பார்க்கவில்லை. மலாய்க்காரர்கள் சென்டுடுக் என்று அழைக்கும் ஊதாப்பூச் செடியில் பார்த்தார். வெட்டவெளியிலும் சாலையோரத்திலும் தோட்ட எல்லையிலும் தானே முளைக்கும் சாதாரணப் புதர் அது. அரிய பூவில் ஒளிந்திருக்கும் என்று ஊகித்து அதற்குப் பெயர் வைத்தார்கள். எந்தச் செடியில் இருந்தது என்று எழுதி வைத்ததால்தான் உண்மை தெரிந்தது. மலேசியாவில் ஆய்வு செய்து 2014இல் வெளியிடப்பட்ட ஒரு கட்டுரை இன்னும் வியப்பான செய்தியைச் சொன்னது. இந்தப் பூச்சி பூவின் நடுவே ஒளியவே வேண்டியதில்லை. தனியாக இலைமேல் உட்கார்ந்திருந்தாலே, பக்கத்திலுள்ள பூக்களைவிட அதிகமான தேனீக்களையும் ஈக்களையும் தன்னிடம் இழுக்கிறது.

குச்சிப்பூச்சிகளும் இலைப்பூச்சிகளும் மலேசியாவின் இன்னொரு செல்வம். கொய்யா இலையைக் கொடுத்துக் குச்சிப்பூச்சியை வீட்டில் வளர்த்து, அதன் எச்சத்தை உலர்த்தி மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் சீனக் குடும்பங்கள் சிலவற்றில் இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் நோய் பரப்பும் உண்ணிகளை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்ற எம். நட்சத்திரம், 1963இல் மலாயா இயற்கைக் கழகத்தின் இதழில் இறக்கையுள்ள குச்சிப்பூச்சி ஒன்றின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முட்டை, குஞ்சு, தோலுரிப்பு, உணவு என்று பொறுமையாக உட்கார்ந்து கவனித்தவர் மட்டுமே எழுதக்கூடிய கட்டுரை வகை அது. நம்மவர் பெயர் ஒன்று இந்தத் துறையில் பதிந்திருப்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதேயில்லை என்பது என் வருத்தம்.

பிள்ளைகளுக்கென்று ஒரு சேகரிப்பு மரபும் இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து, இலை போட்டு, முட்டை இடுகிறதா என்று தினமும் திறந்து பார்க்காத சிறுவர் அபூர்வம். மலாயாவில் தீப்பெட்டிக்குள் போனது பெரும்பாலும் சண்டைச் சிலந்தி. சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும், பிடிக்கும் கலை ஒன்றேதான். எந்தப் புதரில், எந்த இலை மடிப்புக்குள், எந்த நேரத்தில் இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். சீட்டின் மூன்றாவது கேள்விக்கான விடை அந்தச் சிறுவர்களின் விரல்நுனியில் இருந்தது.

இப்போது மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சிக்கு வருவோம். சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வாலஸ் 1855இல் அதற்குச் சூட்டினார். கறுப்பு இறக்கையில் மின்னும் பச்சை முக்கோணங்கள் வரிசையாக நிற்கும், கழுத்தில் சிவப்பு வளையம் இருக்கும். ஆண் பூச்சிகள் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலும் ஆற்றங்கரை மணலிலும் கூட்டமாக இறங்கி உப்பு உறிஞ்சும். பெண் பூச்சிகள் மர உச்சியை விட்டு எளிதில் இறங்குவதில்லை. ஆண்களைக் கூட்டமாகப் பிடிக்க முடிந்ததால் வணிகர்களுக்கு அது எளிய பொருளாயிற்று. சட்டமிட்டு விற்ற பூச்சிகளில் ராஜா புரூக்கைப் போல விலைபோனவை சில மட்டுமே.

அதன் புழு தின்பது ஆரிஸ்டோலோக்கியா இனக் கொடியை மட்டும். நம் சித்த மருத்துவம் அறிந்த ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்துக்கொடியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தக் கொடிகளில் உள்ள அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும் என்று இன்றைய மருத்துவம் எச்சரிக்கிறது. புழுவோ அந்த நஞ்சைத் தின்று, உடலில் சேர்த்து, பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. கொடியில்லாத இடத்தில் இந்தப் பட்டாம்பூச்சி இருக்க முடியாது. தோட்டத்திலோ மரத்தில் ஏறும் கொடி எதுவானாலும் அறுத்து எறிய வேண்டியதுதான். பின்னாளில் களைக்கொல்லி மருந்தடித்து அந்த வேலையை முடித்தார்கள். வலைபோட்டுப் பிடித்தவர்களைவிடக் கொடி அழிந்ததால்தான் பூச்சி அதிகம் அழிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சட்டம் வலையை ஓரளவு கட்டுப்படுத்தியிருக்கிறது. ராஜா புரூக் உள்ளிட்ட மலேசியப் பறவைச்சிறகுப் பட்டாம்பூச்சிகள், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமின்றி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் சந்தை ஓய்ந்துவிடவில்லை. 1999இல் ஜப்பான் அயல்நாட்டு உயிர் வண்டுகளின் இறக்குமதியைத் தளர்த்தியதும், தென்கிழக்காசியாவின் கொம்பு வண்டுகளுக்கு அங்கே பெரிய சந்தை திறந்தது. இதற்கு எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. பேராக் மாநிலத்தின் கோப்பெங் அருகே உலு கெரோவில், முன்பு பட்டாம்பூச்சி பிடித்து விற்ற செமாய் பழங்குடி மக்கள் இப்போது அதே பட்டாம்பூச்சியைப் பயணிகளுக்குக் காட்டி வருமானம் பெறுகிறார்கள். பினாங்கின் தெலுக் பகாங்கில் 1986இல் தொடங்கிய பட்டாம்பூச்சிப் பண்ணை, பூச்சிக்கு முன் செடியை வளர்க்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதையிலும் ஒரு பூச்சி இருக்கிறது. செம்பனையின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியாவுக்கு மரம் வந்தது, அதற்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி வரவில்லை. அதனால் தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தப் பொடியைக் கையால் பூக்களில் தூவினார்கள். ஒவ்வொரு மரமாகப் போய்ச் செய்த வேலை அது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் அருகே பாமோல் தோட்டத்தில் அந்த வண்டை விட்டார்கள். விரைவில் அது நாடெங்கும் பரவியது. செம்பனையின் ஆண் பூ மலரும்போது சோம்பு வாசம் வீசும். அந்த வாசத்துக்குத்தான் வண்டு வருகிறது. பெண் பூவும் அதே வாசத்தைக் கொஞ்சம் வீசி வண்டை ஏமாற்றி அழைக்கிறது. காய்ப்பு பெருகியது, கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. தோட்டப் பொருளாதாரத்தை இவ்வளவு மாற்றிய பூச்சியை எந்தச் சேகரிப்பாளரும் சட்டம் போட்டு மாட்டமாட்டார். பார்க்க ஒன்றுமில்லாத பழுப்பு வண்டு அது.

செம்பனைத் தோட்டத்தில் பெருத்து வாழும் அழகன் காண்டாமிருக வண்டு. மினுங்கும் கறுப்பு உடல், தலையில் ஒற்றைக் கொம்பு. பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, மட்கும் தண்டுகளில் அது ஆயிரக்கணக்கில் பெருகி இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கிறது. 1854இல் வெட்டிய காடு வாலஸுக்கு 700 இனங்களைக் கொடுத்தது. இன்று வெட்டிய செம்பனை ஒரே இனத்தை ஆயிரமாயிரமாகக் கொடுக்கிறது. பன்மை இழப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை. கோ லியான் பின், டேவிட் வில்கோவ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, முதுகாட்டைச் செம்பனையாக மாற்றினால் காட்டுப் பட்டாம்பூச்சி இனங்களில் 83 விழுக்காடு மறைகின்றன என்று காட்டியது. தோட்டச் சாலையோரங்களில் வெண்மஞ்சள் பூக்களும் கொடிரோஜாவும் வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக நட்டவை அல்ல அவை. செம்பனை ஓலையை மேயும் பைப்புழுவையும் முள்புழுவையும் வேட்டையாடும் குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டவை. 1960களில் பி. ஜே. வுட் செய்த ஆய்வுகள், கண்மூடித்தனமாக மருந்தடித்ததில் அந்தக் குளவிகள் செத்து, பைப்புழு இன்னும் பெருகியதை நிறுவின.

செம்பனைக்கு நடுவே ஒரு முதுகாடு மிச்சமிருப்பது நெகிரி செம்பிலானின் பேறு. ஜெலுபு பக்கம் சிம்பாங் பெர்தாங் அருகே உள்ள பாசோ வனத்தைத்தான் சொல்கிறேன். 1980களின் நடுவில் அங்கே 50 எக்டர் நிலத்தை அளந்து, அதிலிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. இந்தக் காட்டின் மெராந்தி மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்கும். அத்தனை பூக்களுக்கும் மகரந்தம் சுமக்கும் பூச்சி திடீரென்று எங்கிருந்து வருகிறது என்ற புதிரை எச். டி. சானும் எஸ். அப்பண்ணாவும் 1980களின் தொடக்கத்தில் இங்கே ஆராய்ந்தார்கள். விடை, இலைப்பேன். கண்ணுக்கு ஒரு கீறலாகத் தெரியும் சிறு பூச்சி. மொட்டுக்குள்ளேயே பிறந்து, சில வாரங்களில் பல தலைமுறை பெருகி, காலையில் உதிரும் பூவோடு தரைக்கு வந்து, மாலையில் மீண்டும் உச்சிக்குப் பறந்து புதுப் பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகிறது. சரவாக்கில் பின்னர் நடந்த ஆய்வுகள் வண்டுகளுக்கும் பங்கு உண்டு என்றன. விவாதம் நடக்கட்டும். நாற்பது ஐம்பது மீட்டர் உயர்ந்த மரத்தின் வாரிசு ஒரு மில்லிமீட்டர் பூச்சியின் முதுகில் பயணம் செய்கிறது என்ற செய்தி நம் மாநிலத்திலிருந்து உலகுக்குப் போயிற்று.

இதே மாநிலத்தில் ரெம்பாவ், லிங்கி ஆறுகள் சேரும் கழிமுகத்தில் மின்மினிகளும் உண்டு. கோல சிலாங்கூரின் மின்மினிகளை எல்லாருக்கும் தெரியும். இங்கே இருப்பவற்றை 2010இல் ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணிப் பதிவு செய்தார்கள். அவை சில குறிப்பிட்ட ஆற்றோர மரங்களில்தான் கூடும். மரம் போனால் மின்மினி வேறிடம் தேடாது, இல்லாமல் போகும்.

நீலாயிலும் சிரம்பான் 2லும் லாபு வட்டாரத்திலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்ததோடு கொல்லைகளும் போயின. எந்தச் செடியில் எந்தப் புழு வரும் என்று தெரிந்தவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். பூச்சி இன்னும் எங்காவது இருக்கக்கூடும். அந்தத் தகவல் அவர்களோடு போய்விடும்.

நெகிரி செம்பிலானில் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவற்றின் அறிவியல் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: ஊசியும் சட்டமும் வேண்டாம். பள்ளி வேலியோரம் எருக்கு, கறிவேப்பிலை, கொன்றை மூன்றையும் நடுங்கள். வரும் பூச்சிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் இடம், தேதியோடு ஏற்றுங்கள். செடியின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். சாதாரணப் பூச்சி என்று எதையும் ஒதுக்காதீர்கள். வீட்டில் தோட்ட வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருக்கும் மாணவர்கள், எந்தப் பூச்சியை எந்தச் செடியில் பார்த்தார்கள், அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எந்தத் தோட்டத்தில் என்று கேட்டு, இந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.